மேல் ஓட்டையில் இருந்த கொக்கி

லிஸ்ட் வேண்டுமாம், லிஸ்ட்.

போன வாரம் ஷெட்டிலிருந்து போன் வந்தது. நான் இருந்த இடத்தில் இப்போது இருக்கும் பாபுதான் பேசினான். எந்த டிரெய்லருக்குக் கொக்கியை எந்த ஓட்டையில் மாட்ட வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், லேமினேஷன் போட்டு ஷெட் சுவரில் ஒட்டிவிடுவார்களாம். "உங்களுக்குத்தான் எல்லாம் மனப்பாடமாச்சேண்ணே. அஞ்சு நிமிஷ வேலை," என்றான். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, கத்து கத்தென்று கத்திவிட்டு போனை வைத்துவிட்டேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள்.

"ரிட்டயர் ஆயி மூணு வருஷமாவுது. இன்னும் ஷெட்டுல நின்னு கத்துற மாதிரியே கத்துறீங்க. பக்கத்து வூட்டு நாய் எழுந்து ஓடுது, பாருங்க."

நாய் ஓடியது உண்மைதான். ஆனால் பாபு கேட்டதும் கேட்கக் கூடாத கேள்விதான். ஏன் லிஸ்ட் எழுத முடியாது என்று சொல்வதற்கு லிஸ்டை விட நூறு மடங்கு எழுத வேண்டியிருக்கிறது. எழுதித் தொலைக்கிறேன்.

மரக்காணம் உப்பளத்தில் ஒரு கம்பெனியின் டிராக்டர் ஷெட்டில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தேன். அதற்கு முன் திண்டிவனத்தில் ஒரு லேத் பட்டறையில் மூன்று வருடம். அங்கே கற்றது வெல்டிங், திட்டு வாங்குவது, திட்டுவது. மூன்றிலும் தேறித்தான் இங்கே வந்தேன். பட்டறையைப் பற்றி இவ்வளவு போதும்.

டிராக்டரின் பின்பக்கம் போய்க் குனிந்து பாருங்கள். இரண்டு பெரிய சக்கரங்களுக்கும் நடுவில் தடித்த இரும்புத் தகடு ஒன்று செங்குத்தாக நிற்கும். அதில் மேலிருந்து கீழாக வரிசையாக ஓட்டைகள். எங்கள் வண்டியில் ஐந்து ஜோடி. டிரெய்லரை மாட்டுகிற கொக்கியை எந்த ஜோடியில் வேண்டுமானாலும் வைத்து போல்ட்டு முடுக்கலாம். டிரெய்லரின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இழுவைக் கம்பியை நாங்கள் மூக்கு என்போம். மூக்கின் வளையத்தைக் கொக்கிக்குள் விட்டு, மேலிருந்து இரும்புப் பின்னைச் சொருகினால் வேலை முடிந்தது என்றுதான் பார்க்கிறவர்கள் நினைக்கிறார்கள். டிரைவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள் என்பதுதான் என் வயிற்றெரிச்சல்.

எங்களிடம் மூன்று வகை டிரெய்லர் இருந்தது. முதலாவது, பாத்தியிலிருந்து உப்பு ஏற்றுகிற இரண்டு சக்கரப் பெட்டி. அதன் பாரத்தில் ஒரு பங்கு மூக்கு வழியாக டிராக்டரின் மேல் உட்காரும். கொக்கியை ஒரு ஓட்டை கூடுதலாக ஏற்றிவிட்டால் பெட்டி பின்னால் சாயும். ஈர உப்பும் பின்னால் சரியும். மூக்கு எழும்பி டிராக்டரின் பின்பக்கத்தைத் தூக்கும். அப்புறம் சக்கரம் நின்ற இடத்திலேயே சேற்றை வாரி இறைத்துக்கொண்டு சுற்றும். இரண்டாவது, தண்ணீர் டேங்கர். கடலோரத்தில் உப்புக்குப் பஞ்சமில்லை, குடிக்கிற தண்ணீருக்குத்தான் பஞ்சம். பாத்தியில் நிற்கிறவர்களுக்குக் காலையில் முதலில் போக வேண்டியது அதுதான். அந்த டேங்கரைச் செய்த மகராசன் மூக்கை என் இடுப்பு உயரத்துக்கு வைத்துத் தொலைத்திருந்தான். அதற்கு மட்டும் கொக்கி மேல் ஓட்டைக்கு ஏற வேண்டும்.

மூன்றாவது, நாலு சக்கர நீள டிரெய்லர். கரும்பு ஏற்றிக்கொண்டிருந்ததைப் பழசாக வாங்கியிருந்தார்கள். அதன் மூக்கு கீல் வைத்தது. கையால் தூக்கினால் தூக்கின உயரத்துக்கு வரும். கொக்கி எந்த ஓட்டையில் இருந்தாலும் மாட்டிக்கொள்ளும். இரண்டு சக்கரப் பெட்டியைத் தப்பான உயரத்தில் மாட்டினால் கோணிக்கொண்டு நின்று காட்டிக்கொடுத்துவிடும். இது காட்டிக்கொடுக்கவே கொடுக்காது. மேல் ஓட்டையில் மாட்டினாலும் பாவம் போல நிற்கும். இழுக்கும்போதுதான் தெரியும். ஒருவன் இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு பாரம் இழுத்தால் முன்னால் குனிந்து இழுத்துவிடுவான். அதே கயிற்றைக் கழுத்தில் கட்டிக்கொண்டு இழுத்தால் மல்லாக்க விழுவான். டிராக்டரும் அப்படித்தான். பாரம் நகராமல் கொக்கி மேலே இருந்தால் முன்சக்கரம் தரையை விட்டு எழும்பும். ஓட்டுகிறவன் மேலேயே வண்டி கவிழலாம்.

இவ்வளவுதானே, மூன்று வரி லிஸ்ட் என்று நீங்களும் சொல்வீர்கள். சொல்லாதீர்கள். டயரில் காற்று குறைந்தால் உயரம் மாறும். வரப்பு ஊறியிருந்தால் மாறும். உப்பை எங்கே கொட்டினார்கள் என்பதைப் பொறுத்து மாறும். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு பலகை மேல் ஏறி வருகிற பெண்கள் பெட்டியின் பின்பக்கத்திலேயே கொட்டிவிட்டு இறங்குவார்கள். பலகை அங்கேதான் சாத்தியிருக்கும். "கொஞ்சம் எட்டி முன்னால கொட்டுங்கம்மா, வால் கனக்குது," என்று நான் ஒரு முறை கத்தினேன். "வா, வந்து கூடையத் தூக்கிக்கோ. நான் அங்க நின்னுக்கினு சொல்றேன்," என்றாள் ஒருத்தி. அத்தனை பேரும் சிரித்தார்கள். இதையெல்லாம் எந்தத் தாளில் எழுதுவது? எழுதி ஒட்டிவிட்டால் அப்புறம் எவனும் குனிந்து பார்க்க மாட்டான், அதுதான் நடக்கும்.

சரி, உயரம் தெரிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கொக்கியை மாற்ற வேண்டுமே. உப்பளத்தில் ஒரு போல்ட்டு ஒரு வாரம்தான் போல்ட்டாக இருக்கும். பிறகு அது தகட்டோடு தகடாக ஒட்டிக்கொள்ளும். முந்தின நாளே டீசல் ஊற்றி ஊறப்போட வேண்டும். காலையில் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, முப்பதாம் நம்பர் ரிங் ஸ்பேனரை மாட்டி, அதன் வாலில் மூன்றடி பைப்பைச் சொருகி, காலால் மிதிக்க வேண்டும். மிதித்தால் கழலலாம், இல்லையென்றால் முறியலாம். கழன்ற போல்ட்டைத் துடைத்து, கிரீஸ் தடவி, புது ஓட்டையில் விட்டு முடுக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து அரை மணி நேரம். அதற்குச் சோம்பல்பட்டுக்கொண்டு டிரைவர்கள் செய்த கூத்து கொஞ்சநஞ்சமல்ல. ஒருவன் மூக்குக்கு அடியில் செங்கல் வைத்து மட்டம் பார்த்துவிட்டு, மட்டமாகத்தான் இருக்கிறது என்று என்னிடமே சாதித்தான். வண்டி புறப்பட்டால் செங்கலும் கூடவே வருமா என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "வராதுண்ணே," என்றான்.

ஆபீஸ் மேனேஜர் இதற்கெல்லாம் ஒரே தீர்வு வைத்திருந்தார். "ஒரே ஓட்டைல வெச்சு வெல்டு அடிச்சுடுபா. தெனம் தெனம் இன்னா கழட்டிக்கினு, மாட்டிக்கினு?" பார்க்கும்போதெல்லாம் இதையே சொல்வார். அவர் ஏசி ரூமை விட்டு வரப்பில் இறங்கியதை நான் பார்த்ததில்லை.

அதைத் தடுத்து நிறுத்தியவர் எனக்கு மேலே இருந்த ஆரோக்கியசாமி மேஸ்திரி. பொம்மையார்பாளையத்திலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருவார். போடுவது வெள்ளைச் சட்டை. கிரீஸ் வேலையில் எவனாவது வெள்ளைச் சட்டை போடுவானா? அதில் ஒரு நாளும் ஒரு பொட்டுக் கறை பட்டதில்லை, அது இன்னும் எரிச்சல். குரலை உயர்த்தவே மாட்டார். எதைக் கேட்டாலும் முதல் பதில், "பார்ப்போம்பா." வண்டி நடு வரப்பில் நின்றுவிட்டது மேஸ்திரி என்றால் "பார்ப்போம்பா." ஷெட் பற்றி எரிகிறது என்றாலும் அதைத்தான் சொல்லியிருப்பார். மேனேஜர் வெல்டு அடிக்கச் சொன்னபோதும் "பார்ப்போம் சார்," என்றார். அந்தப் பார்ப்போம் வருடக்கணக்கில் நீண்டது. அந்த வார்த்தை எனக்குப் பிடித்தது அந்த ஒரு தடவைதான்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார். டிரெய்லருக்குப் பக்கத்தில் வந்து குந்துவார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கு நெடுகப் பார்ப்பார். பிறகு பையிலிருந்து நீளமான பிளாஸ்டிக் டியூபை எடுப்பார். கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற அதே டியூப், உள்ளே தண்ணீர். ஒரு முனையைப் பெட்டியின் முன்மூலையில் என்னைப் பிடிக்கச் சொல்வார், மறுமுனையைப் பின்மூலையில் அவர் பிடிப்பார். தண்ணீர் ஆடி அடங்குகிற வரை பேச மாட்டார். என்னையும் பேச விட மாட்டார். இரண்டு பக்கத்திலும் எங்கே நிற்கிறது என்று சாக்பீஸால் கோடு போட்டு, வித்தியாசத்தை விரலால் அளப்பார். நான் சேர்ந்த புதிதில் காலி டிரெய்லரை ஷெட்டின் சிமெண்டுத் தரையில் நிறுத்தி, ரொம்பப் பெருமையாக மட்டம் பார்த்துக் கொக்கியை மாட்டினேன். மேஸ்திரி பார்த்தார். "உப்பு ஏத்திக்கினு வரப்புல நிறுத்து. அங்க அளப்போம்பா," என்றார். அங்கே போய் அளந்தால் டயர் அமுங்கி, மண் அமுங்கி, மட்டம் நான்கு விரல் இறங்கியிருந்தது. அவர் டியூபைச் சுருட்டிப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். நாலு வார்த்தை திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான் அப்படி இல்லை. நான் திட்டுவேன். கற்றுக்கொண்டபின் கொக்கி என் ராஜ்ஜியம் ஆகிவிட்டது. செங்கல்காரர்களின் தொல்லை தாங்காமல் ஒரு சட்டம் போட்டேன். முப்பதாம் நம்பர் ஸ்பேனர் என் டூல்ஸ் பெட்டியில் பூட்டி இருக்கும், சாவி என் இடுப்பில் இருக்கும், என்னைத் தவிர ஒருவரும் கொக்கியில் கை வைக்கக் கூடாது. ஒரு தடவை அன்வர் என்கிற டிரைவர், எங்கிருந்தோ ஸ்பேனர் இரவல் வாங்கி வந்து, கொக்கியைத் தானே ஒரு ஓட்டை இறக்கி மாட்டிவிட்டு, "சரியா இருக்குதா பாருங்கண்ணே," என்று கேட்டான். சரியாகத்தான் இருந்தது. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "டேய், ஓட்டுறவன் ஓட்டு. கொக்கி என் வேலை. நீ மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?" என்று அத்தனை பேர் முன்னாலும் பிடிபிடி என்று பிடித்துவிட்டேன். அன்வர் கூனிமேட்டுக்காரன். முப்பது வயது இருக்கும். நல்ல கை. கிளட்ச்சை விடும்போது வண்டி நகர்வதே தெரியாது. அன்றைக்குத் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டான். அதற்குப் பிறகு கொக்கியைப் பற்றி அவன் என்னிடம் பேசவே இல்லை. வழிக்கு வந்துவிட்டான் என்று நான் திருப்திப்பட்டேன்.

இப்போது அந்த நாளைச் சொல்கிறேன்.

கோடையில் ஒரு நாள், காலையிலேயே கடல் பக்கம் வானம் கறுத்துவிட்டது. காய்ந்து குவித்து வைத்த உப்பு மேல் ஒரு மழை விழுந்தால் பல நாள் உழைப்பு கரைந்து பாத்திக்கே போய்விடும். எல்லாக் குவியலையும் மேட்டுக்கு ஏற்ற வேண்டும் என்று ஆளாளுக்குப் பறந்தார்கள். நான் கொக்கியை மேல் ஓட்டையில் மாட்டி, டேங்கரை அனுப்பிவைத்தேன். டேங்கர் போய்த் திரும்பி வந்தது. அதைக் கழற்றிவிட்டு, டிராக்டரை ஷெட் முன்னால் நிறுத்தினார்கள். அடுத்து அது நாலு சக்கர டிரெய்லருக்குப் போக வேண்டும். அந்த டிரெய்லர் முந்தின நாளே உப்போடு வரப்பில் நின்றுகொண்டிருந்தது. கொக்கியை மூன்று ஓட்டை கீழே இறக்க வேண்டியது என் வேலை.

ஸ்பேனரை எடுக்கப் பெட்டியைத் திறந்தால் ஸ்பேனர் இல்லை. டேங்கர் மாட்டும் அவசரத்தில் பெட்டி மேலேயே வைத்துவிட்டிருக்கிறேன் போல. தேடிக்கொண்டு போனால், உப்புத்தண்ணீர் இறைக்கிற மோட்டார் கொட்டகையில் வேலு என்பவன் என் ஸ்பேனரால் முளைக்குச்சி அடித்துக்கொண்டிருந்தான். சுத்தியல் மாதிரி! முப்பதாம் நம்பர் ரிங் ஸ்பேனரால்! எனக்குக் கண்ணே தெரியவில்லை. அவனை ஷெட் வாசல் வரை இழுத்துக்கொண்டு வந்து, அவன் பரம்பரையையே இழுத்து வைத்துத் திட்டினேன். எவ்வளவு நேரம் திட்டினேன் என்று தெரியாது. நடுவில் என் முதுகுக்குப் பின்னால் டிராக்டர் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. கேட்டது, திரும்பவில்லை. இன்னும் சொல்ல வேண்டியது பாக்கி இருந்தது.

கொஞ்ச நேரத்தில் பாத்திப் பக்கமிருந்து பெண்கள் அலறுகிற சத்தம் வந்தது. கையில் இருந்த ஸ்பேனரோடு ஓடினேன்.

நாலு சக்கர டிரெய்லரின் பின்சக்கரம் இரண்டும் வரப்பில் புதைந்திருந்தன. அன்வர் முதல் கியரில் இழுத்திருக்கிறான். பாரம் அசையவில்லை, டிராக்டரின் முன்சக்கரம் ஆளுயரத்துக்கு எழும்பியிருக்கிறது. அன்வர் பக்கவாட்டில் பாத்திக்குள் குதித்திருக்கிறான். யார் செய்த புண்ணியமோ, என்ஜின் அணைந்து வண்டி அப்படியே முன்னால் வந்து விழுந்துவிட்டது. பின்னால் சாய்ந்து அவன் மேல் விழுந்திருந்தால் நான் இன்றைக்கு இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அன்வருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு முறிந்துவிட்டது. உப்புத்தண்ணீரில் நனைந்து, முகமெல்லாம் வெளுத்து, "அல்லா, அல்லா" என்று முனகிக்கொண்டிருந்தான். நான்கு பேர் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு ஓடினார்கள். பெண்களும் பின்னாலேயே ஓடினார்கள்.

வரப்பில் நானும் டிராக்டரும்தான். குனிந்து பார்த்தேன். கொக்கி மேல் ஓட்டையில் இருந்தது.

அடுத்து நான் செய்ததை இதுவரை என் மனைவியைத் தவிர யாரிடமும் ஒவ்வொன்றாக விவரித்துச் சொன்னதில்லை. பின்னை உருவினேன். மூக்கைக் கீழே போட்டேன். கொக்கியின் போல்ட்டில் ஸ்பேனரை மாட்டினேன். என்றைக்கும் அரை மணி நேரம் உயிரை வாங்குகிற அந்தப் பாழாய்ப்போன போல்ட்டு, காலையில்தான் கிரீஸ் தடவியிருந்ததால், அன்றைக்கு மட்டும் சொன்ன பேச்சைக் கேட்டுக் கழன்றது. மூன்று ஓட்டை இறக்கி முடுக்கினேன். மூக்கை மறுபடி மாட்டிப் பின்னைச் சொருகினேன். பத்து நிமிடம்கூட ஆகவில்லை. பழக்கத்தில் செய்துவிட்டேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பழக்கமும் இல்லை, மண்ணும் இல்லை. பயந்துவிட்டேன்.

மேஸ்திரி வந்து வழக்கம் போல் குந்தினார். ஒரு கண்ணை மூடிக்கொண்டு மூக்கைப் பார்த்தார். பிறகு மேல் ஓட்டைக்குள் சுண்டு விரலை விட்டு எடுத்தார். விரலில் புது கிரீஸ். கீழே வரப்பைப் பார்த்தார். நான் கொக்கியை இறக்கி மாட்டின கீழ் ஓட்டையிலிருந்து உதிர்ந்த துரு வெள்ளை உப்பு மேல் சிவப்பாகக் கிடந்தது. துணியில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "பார்ப்போம்பா," என்றார்.

மறுநாள் காலை மேனேஜர் ஒரு தாளை எழுதிக்கொண்டு ஷெட்டுக்கே வந்துவிட்டார். டிரைவர் கிளட்ச்சைக் கவனமில்லாமல் விட்டதால் விபத்து, கொக்கி சரியான ஓட்டையில் இருந்தது என்று எழுதியிருந்தது. கீழே நான் கையெழுத்துப் போட வேண்டுமாம். "அவன் வெடுக்குன்னு வுட்டுட்டான், அவ்ளோதான். வேலைய வுட்டு அனுப்பிடலாம். நீ ஒரு கையெழுத்து போடு, மத்தத நான் பார்த்துக்குறேன்," என்றார். அன்வருக்கு இந்த வேலை போவது மட்டுமில்லை. முன்சக்கரம் எழும்ப வண்டியைத் தூக்கினவன் என்று ஒரு தடவை பெயர் எடுத்துவிட்டால், கூனிமேட்டிலிருந்து பொம்மையார்பாளையம் வரை எவனும் அவனை ஸ்டியரிங் பக்கம் விட மாட்டான். வேறு தொழில் அவனுக்குத் தெரியாது.

தாளைக் கையில் வாங்கிக்கொண்டு நின்றேன். "இங்கேயே வெச்சுட்டுப் போங்க சார், சாயந்தரம் தர்றோம்," என்று மேஸ்திரி மேனேஜரை அனுப்பிவைத்தார். பிறகு நாங்கள் இரண்டு பேர்தான்.

"மேல் ஓட்டைல இருந்துச்சு மேஸ்திரி," என்றேன். "நான்தான் எறக்கல. அப்புறமா எறக்கி வெச்சேன்."

"தெரியும்பா."

"தெரிஞ்சா நேத்தே கேக்க வேண்டியதுதானே?" எனக்கு அப்போதும் கோபம்தான் வந்தது.

"நீ சொல்றியா பார்ப்போம்னு இருந்தேன்." உட்கார்ந்து பீடி பற்றவைத்தார். "அத வுடு. எனக்கு இன்னொண்ணு புரியல. அன்வரு இன்னா குருடனா? மூக்கைத் தூக்கி மாட்டும்போதே கொக்கி எங்க இருக்குதுன்னு பார்த்திருப்பான். நாலு சக்கரத்த மேல் ஓட்டைல மாட்டக் கூடாதுன்னு அவனுக்குத் தெரியும். அப்புறம் ஏன் உன்கிட்ட வந்து கேக்கல?"

"அதத்தான் நானும் கேக்குறேன்! வாயில இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தான்? ஒரு வார்த்தை கேட்டிருந்தா இவ்ளோ வருமா?"

"என்னக் கேட்டா? போயி அவனக் கேளு. கேட்டுட்டு வந்து கையெழுத்து போடு."

அந்த வெயிலில் சைக்கிளை மிதித்துக்கொண்டு கூனிமேட்டுக்குப் போனேன். போகிற வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டேதான் போனேன். தப்பு என் மேல்தான், சரி. ஆனால் பார்த்தவன் கேட்க வேண்டாமா? பாதித் தப்பாவது அவன் தலையில் விழும் என்று ஒரு நப்பாசை, வேறென்ன.

கதவைத் திறந்த அவன் மனைவி என்னைப் பார்த்ததும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். "வேலை போயிடுச்சாண்ணே? ஆபீஸ்ல அப்டித்தான் பேசிக்கிறாங்களாமே," என்றாள். நான் உள்ளே போனேன். அன்வர் கையைத் துணியில் தொங்கப்போட்டுக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருந்தான். எழுந்திருக்கப் பார்த்தான். உட்காரச் சொன்னேன்.

"ஏம்பா, கொக்கி மேல இருந்தது உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியும்ணே."

"தெரிஞ்சுமா மாட்டின? என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு இன்னா?"

அவன் தன் மனைவியைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

"கேக்கத்தாண்ணே வந்தேன். ஷெட் வாசல் வரைக்கும் வந்தேன். நீங்க வேலுவ வெச்சு வாங்கிக்கினு இருந்தீங்க. கொஞ்ச நேரம் பின்னாடி நின்னேன். நீங்க நிறுத்தல. மழை வேற வர்ற மாதிரி இருந்துச்சு, அங்க எல்லாரும் கத்துறாங்க. இப்பப் போயி கொக்கியப் பத்திக் கேட்டா அடுத்தது எனக்குத்தான் வுழும்னு திரும்பிட்டேன்." தொங்கப்போட்ட கையைச் சரிசெய்துகொண்டு, "அண்ணன் வெச்சிருந்தா ஏதாச்சும் காரணம் இருக்கும்னு நெனச்சுக்கினேண்ணே. தப்பா எடுத்துக்காதீங்க," என்றான்.

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாமாம். எலும்பு முறிந்தவன் என்னிடம் சொல்கிறான். எனக்கு அவமானமாக இருந்தது. அவன் என் பின்னால் எவ்வளவு நேரம் நின்றிருப்பான் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவை திரும்பியிருந்தால் போதும். திரும்பிப் பார்த்து, இன்னாடா என்று கேட்டிருந்தால்கூடப் போதும். என்னிடம் யாரும் கேள்வி கேட்காமல் இருப்பதற்கு நான்தான் வருடக்கணக்கில் பாடுபட்டிருக்கிறேன். அதில் ஜெயித்தும் விட்டேன்.

"வேலை போவாது," என்று அவன் மனைவியிடம் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். டீ போடுகிறேன் என்றாள். என்னால் உட்கார முடியவில்லை.

என்ன ஆனது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். அன்வர் வேலை போகவில்லை. எலும்பு கூடியதும் அதே டிராக்டருக்கு வந்தான், இன்றைக்கும் ஓட்டுகிறான். என்னைப் பதினைந்து நாள் சஸ்பெண்ட் செய்தார்கள்.

ஆனால் அன்று சாயங்காலம் ஷெட்டுக்குத் திரும்பி, மேனேஜர் எழுதின தாளைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் என் கையால் எழுதினேன். கொக்கி மேல் ஓட்டையில் இருந்தது என்று எழுதினேன். அதை இறக்க வேண்டியவன் நான், இறக்கவில்லை என்று எழுதினேன். விபத்துக்குப் பிறகு யாருக்கும் தெரியாமல் மாற்றி வைத்தேன் என்றும் எழுதினேன். இது மூன்றும் சீக்கிரம் முடிந்துவிட்டது. நாலாவதற்குத்தான் நேரம் ஆனது. "டிரைவர் அன்வர் இதைப் பற்றிக் கேட்பதற்காக என்னிடம் வந்தார். நான் சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால் கேட்காமல் திரும்பிப் போனார்." கையெழுத்துப் போட்டு மேனேஜரிடம் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அவர் படித்தார். முதல் மூன்று வரிக்கு முகம் சிவந்தது. கடைசி வரிக்கு வந்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்பா, ஷெட்டுன்னா சத்தம் போடத்தான் செய்வாங்க. அதுல இன்னா கீது? அதப் போயி எதுக்கு இதுல எழுதுற?"

"அதனாலதான் சார் வண்டி தூக்குச்சு," என்றேன்.